ஜீவகாருண்யம் யாருக்கு?

(கள்ளக்குறிச்சியில் ஆடு மாடு வளர்ப்போர் கூட்டத்தில் பேசியது)



எனக்கு முன் பேசிய இரு தோழர்களும் ஆட்டுக்கொல்லி நோயைப் பற்றியும் தீவன விலையைப் பற்றியும் வேண்டிய மட்டும் சொல்லிவிட்டபடியால் நான் அவற்றைத் திருப்பிச் சொல்லப் போவதில்லை. எனக்குக் கொடுக்கப்பட்ட விஷயம் வேறு. ஆடு மாடு வளர்க்கிறவன் இரக்கமற்றவன், ஜீவஹிம்சைக்காரன், காட்டை அழிக்கிறவன், கன்றின் வாய்ப் பாலைப் பிடுங்கி விற்கிறவன் என்று இப்போது நாலா பக்கத்திலும் ஒரு பேச்சுக் கிளம்பியிருக்கிறது. கைப்பேசியைத் திறந்தால் அதே படம் வருகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை வீட்டுக்கு வந்து, "நாம் செய்வது பாவமாமே, அப்பா?" என்று கேட்கிறது. இதற்கு நாம் என்ன சமாதானம் சொல்லுவது என்பதே விஷயம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மைக் குறை சொல்லுகிறவர்கள் எல்லோரும் ஒரே கூட்டத்தார் அல்ல. ஒரு சாரார், இறைச்சி மாத்திரமல்லாமல் பால், தயிர், நெய், தோல் செருப்பு, பட்டு, தேன் ஆகிய யாவற்றையும் தள்ளிவிட்டு, "பிராணிக்கும் வலி உண்டு, ஆகையால் நான் தொடமாட்டேன்" என்கிறவர்கள். இவர்கள் தொகை சொற்பம். இவர்கள் அபிப்பிராயத்தை நாம் ஒப்புக்கொள்ளாவிட்டாலும், சொல்லும் செய்கையும் ஒன்றாயிருக்கிறபடியால் இவர்களோடு உட்கார்ந்து வாதம் செய்யலாம். மற்றொரு சாராரோ, காலையில் எழுந்ததும் பால் காப்பி குடித்து, மத்தியானம் தயிர் சாதம் சாப்பிட்டு, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்க் குடங்குடமாய்ப் பாலைக் கல்லின் தலையில் கொட்டிவிட்டு, அதன்பின் மாட்டுத் தரகனையும் கசாப்புக் கடைக்காரனையும் பார்த்து, "ஐயோ, வாயில்லா ஜீவன்!" என்று உருகுகிறவர்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாவது ஓநாயின் பசியைக் காட்டும். இவர்கள் அழுகைக்கோ வயிறு நிரம்பிய பின்தான் கண்ணீர் வருகிறது.

பால் எப்படி வருகிறது என்பதை இவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? பசு சும்மா நின்றுகொண்டு பால் கொடுப்பதில்லை. சினைப்பட்டு ஒன்பது மாதம் சுமந்து கன்று போட்டால்தான் மடி சுரக்கும். பத்து மாதம் கறந்தபின் வற்றும். மறுபடியும் சினை, மறுபடியும் கன்று. பிறக்கிற கன்றில் சரிபாதி காளைக்கன்று. முன் காலத்தில் அது ஏருக்கும் கவலைக்கும் வண்டிக்கும் போயிற்று. இன்று உழுவதற்கு டிராக்டரும், இறைப்பதற்கு மோட்டாரும், சரக்கேற்றுவதற்குச் சின்ன லாரியும் வந்துவிட்ட பிறகு அந்தக் கன்றுக்கு வேலை என்ன? பத்துப் பதினைந்து வயதாகி மடி வற்றிப்போன பசுவுக்கு வேலை என்ன? ஒரு மாட்டுக்கு நாள் ஒன்றுக்கு நூறு ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் வருஷத்துக்கு 36,500 ரூபாய் ஆகிறது. இரண்டு கறவை வைத்துப் பிழைக்கும் நிலமில்லாத தாய் ஒருத்தி, ஐந்து வருஷம் கறவை நின்ற மாட்டுக்கு இந்தத் தொகையை எங்கிருந்து எடுப்பாள்? அந்த மாட்டை விற்றுத்தான் அடுத்த கறவையை வாங்குகிறாள். ஆகவே பாலுக்கும் சந்தைக்கும் கசாப்புக் கடைக்கும் நடுவே ஒரே கயிறுதான் இருக்கிறது. ஒரு நுனியைப் பிடித்துக் குடித்துக்கொண்டு மறு நுனியைப் பார்த்துக் காறித் துப்புவது எந்த நியாயம்?

இது வெறும் வாதமல்ல. வடக்கே இதை நடத்திப் பார்த்துவிட்டார்கள். மாடு விற்கவும் வெட்டவும் தடை, அதற்கு மேல் தடியெடுத்த பசுக் காவலர்கள் என்றான பின், 2019-ம் வருஷத்துக் கால்நடைக் கணக்கில் உத்தரப் பிரதேசத்தில் மாத்திரம் தெருவில் திரியும் மாடுகள் 11 லட்சத்து 84 ஆயிரம் என்று வந்தது. 2012-ம் வருஷத்துக் கணக்கில் அது 10 லட்சத்துச் சில்லறை. அவை யாருடைய வயலை மேய்கின்றன? குடியானவனுடைய வயலைத்தான். அவனோ பயிரைக் காக்க இராத்திரியெல்லாம் டார்ச்சு விளக்கோடு வரப்பில் உட்கார்ந்திருக்கிறான். 2017 ஏப்ரலில் ஜெய்ப்பூர்ச் சந்தையில் கறவை மாடு வாங்கிக்கொண்டு போன பெஹ்லு கான் என்ற பால்காரரை ஆல்வார் சாலையில் மறித்து அடித்தார்கள், அவர் இறந்தார். வாங்கிய ரசீது அவரிடம் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் குஜராத்தில் உனா என்ற ஊரில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்துச் சாட்டையால் அடித்தார்கள். செத்த மாட்டை எடுத்தாக வேண்டும் என்று அவர்கள் தலையில் கட்டிவைத்ததும் ஜாதிதான்; எடுத்ததற்காக அடித்ததும் ஜாதிதான். மாட்டுக்கு வலிக்கும் என்று தெரிந்தவனுக்கு மனிதன் முதுகு வலிக்கும் என்று மாத்திரம் தெரியாமற் போனது எப்படி?

நம் பக்கமும் அது வந்தது. 2017 மே மாதத்தில் மத்திய சர்க்கார் ஒரு விதி போட்டார்கள். சந்தைக்கு மாடு கொண்டு வருகிறவன், இதை வெட்டுக்கு விற்கவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவனும் எழுதிக் கொடுக்க வேண்டும். எருமையும் அதற்குள் சேர்த்தி. எருமை எப்போது தெய்வமாயிற்றோ தெரியவில்லை; இதுவரையில் அது எமனுக்கு வாகனமாய்த்தான் இருந்து வந்தது. மே 30-ந் தேதி மதுரை ஐகோர்ட்டுக் கிளை அதற்கு இடைக்காலத் தடை கொடுத்தது. ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு அத்தடையைத் தேசம் முழுமைக்கும் விரித்தது. இல்லாவிட்டால் உளுந்தூர்பேட்டையிலும் தியாகதுருகத்திலும் சந்தை கூடும் நாளில் மாட்டுக்கு ஒரு வக்கீலையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்திருக்கும். நம் மாகாணத்தில் 1958-ம் வருஷச் சட்டப்படி, பத்து வயதுக்கு மேற்பட்டு உழைப்புக்கும் விருத்திக்கும் உதவாத மாடு என்று சான்று பெற்றாலொழிய வெட்டக்கூடாது என்பது ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆட்டின் கதை இன்னும் வேடிக்கையானது. 1950-ல் சென்னை சர்க்கார் கோயிலில் ஆடு கோழி பலியிடக் கூடாது என்று ஒரு சட்டம் செய்தார்கள். அது ஐம்பது வருஷம் தூங்கிற்று. 2003-ல் திடீரென்று எழுப்பினார்கள். அய்யனாருக்கும் மாரியாத்தாளுக்கும் கிடா வெட்டுகிறவன் மேல் போலீஸ் போயிற்று. 2004-ல் அச்சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். சாமி கிடா கேட்கிறது என்பதை நாம் நம்புகிறவர்களல்ல. சாமிக்குப் பசி என்றால் அது தானே மேய்க்கட்டும். ஆனால் அச்சட்டம் சொன்னது என்ன? அதே ஆட்டைக் கோயிலுக்கு நூறு கெஜம் தள்ளிக் கடையில் வெட்டினால் குற்றமில்லை. சாமி முன் வெட்டினால் குற்றம். இதில் ஆட்டின் மேல் இரக்கம் எங்கே இருக்கிறது? குடியானவன் சாமி கறி தின்கிறதே, அது நம் சாமி மாதிரி சர்க்கரைப் பொங்கல் தின்னக் கூடாதா என்ற கவலையே அதில் இருக்கிறது. மூடநம்பிக்கையைப் பேசித்தான் ஒழிக்க வேண்டும். போலீஸ்காரனை விட்டு ஒரு ஜாதியின் மூடநம்பிக்கையை மறு ஜாதியின் மூடநம்பிக்கையாக மாற்றுவது பகுத்தறிவாகாது.

நிற்க, வெளிநாட்டுச் சங்கத்தார் விஷயம். பீட்டா என்கிறவர்களின் இந்தியக் கிளையார் 2021-ல் குஜராத் அமுல் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி, மாட்டுப் பாலை விட்டுச் செடிப் பாலுக்கு மாறிவிடுங்கள் என்று புத்தி சொன்னார்கள். அமுல் கேட்ட கேள்வி, பாலை நம்பிப் பிழைக்கிற நிலமில்லாத ஜனங்களுக்கு யார் கஞ்சி ஊற்றுவது என்பது. சோயாப் பாலும் பாதாம் பாலும் நல்லதாகவே இருக்கட்டும், குடிக்கிறவன் குடிக்கட்டும். பாதாம் கல்வராயன் மலையில் விளையாது; மலையடிவாரத்துத் தட்டைக்காட்டில் விளைவது சோளத்தட்டு. அதை மனிதன் தின்ன முடியாது, மாடு தின்னும். உலகத்துக் கால்நடைகள் தின்பதில் 100-க்கு 86 பங்கு மனிதன் தின்னத் தகாதது என்று ஐக்கிய நாடுகளின் உணவு ஸ்தாபனத்து ஆராய்ச்சியாளர் 2017-ல் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். அதே ஸ்தாபனம் 2013-ல், மனிதனால் உண்டாகும் வெப்ப வாயுவில் 100-க்கு 14.5 பங்கு கால்நடையால் என்றும் சொன்னது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. அசை போடும் பிராணி ஏப்பம் விடத்தான் செய்யும். ஆனால் ஆயிரக்கணக்கில் மாட்டைக் கொட்டடியில் அடைத்து, காட்டை வெட்டிச் சோயா போட்டுத் தீனி கொடுக்கிற தேசத்தின் கணக்கையும், முட்செடியும் வேலங்காயும் கடித்துக்கொண்டு திரியும் நம் வெள்ளாட்டின் கணக்கையும் ஒரே தராசில் போடுவது சரியா?

இன்னொரு புரளி, கறிக்கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்பது. ஆயிரக்கணக்கான கோழிக்குத் தினம் ஒரு ஊசி போட்டால் ஊசி போடுகிறவன் கூலிக்கே கோழி பற்றாது. நாற்பது நாளில் வளர்வது இனக்கலப்பினாலும் தீனியினாலும்தான். ஆனால் நோய்க்கிருமி மருந்துகளைத் தீனியில் கண்டபடி கலந்தது மெய். அதனால் மனிதனுக்கு வரும் நோயிலும் மருந்து பலிக்காமல் போகும் என்றுதான் 2019-ல் கோலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடைக்குத் தடுத்தார்கள். இது சரியான தடை. பொய்யான குற்றச்சாட்டை மறுக்கும்போது மெய்யான குற்றத்தையும் சேர்த்து மறுக்கக் கூடாது.

இனி மலையின் விஷயம். நான் அதிகமாய்ப் பேச வந்தது இதுதான். கல்வராயன் மலை 1976 வரையில் மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்ததும், மலையாளி ஜனங்கள் அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்ததும் இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். ஜாகீர் போயிற்று, காட்டிலாகா வந்தது. மலைக்காரனுக்குக் கையில் ரொக்கமாக இருக்கிற சொத்து என்ன? ஆடு. பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் ஒரு ஆடு, பள்ளிக்கூடச் செலவென்றால் ஒரு ஆடு, சாவென்றால் ஒரு ஆடு. ஐந்து மாதத்தில் குட்டி போடுகிற பாங்கு அது. 2022 மார்ச் 4-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு, தமிழ்நாட்டுக் காடு எதிலும் மேய்ச்சல் கூடாது என்று உத்தரவு போட்டது. அம்மாதத்திலேயே அதைத் திருத்தி, சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கியது. நடுவில் அந்த இரண்டு வாரம் மலையில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாமல் யோசித்திருப்பார்கள்! ஆடு இளங்கன்றைக் கடிக்கும் என்பது நிஜம். ஒரே சரிவில் வருஷமெல்லாம் மேய்த்தால் மண் அரிக்கும். அதற்குச் சரிவை மாற்றி மாற்றி மேய்ப்பது பரிகாரம். ஆட்டை விற்றுவிடு என்பது பரிகாரமல்ல. ஆட்டை விற்ற மலைக்காரன் எங்கே போவான்? 2015 ஏப்ரல் 7-ந் தேதி ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போன 20 தமிழர்களைப் போலீசார் சுட்டுக் கொன்றார்களே, அவர்களில் பெரும்பாலோர் நம்முடையதைப் போன்ற மலைகளிலிருந்து போனவர்கள். 2024 ஜூனில் நம் ஊர்க் கருணாபுரத்தில் விஷச் சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்ட பின்புதான், கல்வராயன் மலைக்காரன் எதைத் தின்று பிழைக்கிறான் என்று ஐகோர்ட்டு தானாகவே ஒரு வழக்கை எடுத்துக் கேட்டது. கோடரியும் ஊறல் பானையும் வேண்டாமென்றால் ஆட்டுப் பட்டியாவது மிஞ்ச வேண்டும்.

ஜீவகாருண்யம் என்ற வார்த்தையை இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு யாரும் புதிதாய்ச் சொல்ல வேண்டியதில்லை. வடலூர் வெகு தூரமல்ல. இராமலிங்க அடிகள் புலால் கூடாதென்றவர்தான். ஆனாலும் அவர் 1867-ல் மூட்டிய அடுப்பு பசித்த மனிதனுக்குச் சோறு போட மூட்டியது. அவர் பெயரைச் சொல்லி நம்மைத் திட்டுகிறவர்கள் அந்த அடுப்பின் பக்கம் ஒரு தடவை போய்ப் பார்க்கட்டும்.

பிராணியிடம் மெய்யான இரக்கம் என்ன செய்ததென்றும் பாருங்கள். வெக்கை என்ற மாட்டு நோய் வந்தால் ஊர் மாடே காலியாகும். மாரியாத்தாளுக்குக் கூழ் ஊற்றினோம், எல்லை கட்டினோம், மந்திரித்தோம். நோய் போகவில்லை. தடுப்பூசி வந்தது, இந்தியாவில் 1995-க்குப் பின் அந்நோய் இல்லை, 2011-ல் உலகத்திலிருந்தே அது ஒழிந்தது என்று அறிவித்தார்கள். எத்தனை கோடி மாட்டின் வேதனையைத் தீர்த்தது அது! கோசாலைக்காரர் வசூலித்த சந்தா செய்யாத காரியத்தை ஒரு ஊசி செய்தது.

ஆகையால் நம்மிடத்திலும் சில காரியங்கள் மாற வேண்டும். வயிறு உப்பினால், கால் நொண்டினால், இரும்பைக் காய்ச்சிச் சூடு போடுகிறோமே, அதனால் எந்த மாட்டுக்காவது நோய் தீர்ந்ததுண்டா? புண்தான் இரண்டாகிறது. கல்லை வைத்து நசுக்கிக் காயடிப்பதும் அப்படியே. கால்நடை ஆஸ்பத்திரியில் அதற்கென்று இடுக்கி இருக்கிறது. சில நிமிஷத்தில் முடியும். லாரியில் மாடானால் ஆறு, ஆடானால் நாற்பதுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 1978-ம் வருஷ விதி சொல்லுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாய் அடைத்துக் கொண்டு போய்ப் பாதி வழியில் இரண்டு செத்தால் நஷ்டம் யாருக்கு? பால் இறங்க ஊசி போடுவதையும், மாட்டின் வாலை முறுக்கி லாரியில் ஏற்றுவதையும் படம் பிடித்துப் போடுகிறவனைக் கோபித்துப் பிரயோஜனமில்லை. வலி பிராணிக்கு உண்டு என்பது அவன் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டுமா? கூட இருந்து குட்டி எடுக்கிறவர்கள் நாம். காளைக்கன்று வேண்டாமென்கிறவர்கள், 100-க்கு 90 பெண் கன்றே பிறக்கும்படி பிரித்த விந்து இப்போது கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம், காட்டில் மேய்ப்பதை மலைவாசிகளின் சமூக உரிமை என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. இது தானாக வீட்டுக்கு வராது. கிராம சபையில் பத்து முதல் பதினைந்து பேர் கொண்ட வன உரிமைக் குழு போட வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். நம் பழைய மேய்ச்சல் நிலம் எது, தண்ணீர்த் துறை எது என்று குழு எழுதி மனுக் கொடுக்க வேண்டும். காகிதம் இல்லையே என்று பயப்பட வேண்டாம். ஊர்ப் பெரியவர் சொல்லை எழுதி வைத்தால் அதுவும் சாட்சி என்று விதியில் இருக்கிறது. வெள்ளிமலை, கரியாலூர், இன்னாடு, சேராப்பட்டுப் பக்கத்துத் தோழர்கள் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் ஊர்ப் பெயரையும் பட்டிகளின் தொகையையும் இன்றே கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டு, இம்மட்டில் நிறுத்திக்கொள்ளுகிறேன்.