பன்னெண்டுல ஒரு பங்கு

இந்த வாரம் விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். வாடகை வீடு பத்திப் பேசின எபிசோடுக்குப் பிறகு நிறையப் பேர் கேட்டிருந்தீங்க: "சிங்காநல்லூர் வீட்டை வித்துட்டீங்களாமே, என்ன ஆச்சு?" இத்தனை நாளா அதைப் பேசத் தெம்பு இல்லை. இன்னைக்குப் பேசிடறேன்.

முதல்ல வீட்டைப் பத்தி. எங்கப்பா மில்லுல வேலை பார்த்து, 1994-ல இடம் வாங்கி, 1998-ல கட்டின வீடு. ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. பாத்ரூம் பொடக்காணியில. அப்பா 2019-ல தவறிட்டார். அம்மாவுக்கு இப்ப ரெண்டு முழங்காலும் போச்சு. ராத்திரி மழையில மூணு படி இறங்கி பாத்ரூம் போறதைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியலை. தம்பிக்கும் கல்யாணம் பேசிட்டிருந்தோம். சரி, இதை வித்துட்டு வடவள்ளிப் பக்கம் தரைத்தள வீடா ஒண்ணு வாங்கிடலாம்னு முடிவு பண்ணினோம்.

கணக்கு சுலபமாத்தான் தெரிஞ்சுது. நம்ம வீடு 62 லட்சத்துக்குப் போகும். வடவள்ளி வீடு 78 லட்சம். தமிழ்நாட்டுல கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 78 லட்சத்துக்கு அது மட்டும் 7,02,000 ரூபாய். ரெண்டு பக்கமும் புரோக்கர் கமிஷன் சேர்த்தா, 25 லட்சம் லோன் போட்டாப் போதும். நான் ஐடி வேலையில இருக்கேன், சமாளிச்சுக்கலாம்.

2025 ஏப்ரல் கடைசியில வடவள்ளி வீட்டுக்கு 5 லட்சம் அட்வான்ஸ் குடுத்து ஒப்பந்தம் போட்டோம். 75 நாள்ல, அதாவது ஜூலை 14-க்குள்ள கிரயம் முடிக்கணும். ஏன் அந்தத் தேதின்னு உங்களுக்கே தெரியும். அதுக்கப்புறம் ஆடி பொறந்துடும். ஆடியில பத்திரம் போட நம்ம ஊர்ல யார் சம்மதிப்பாங்க? மே மாசம் எங்க வீட்டுக்கும் ஆள் கிடைச்சாங்க. சின்ன வயசுப் புருஷன் பொண்டாட்டி, பேங்க் லோன்ல வாங்கறவங்க. 3 லட்சம் அட்வான்ஸ் குடுத்தாங்க.

அந்த வாரம் இங்கிலாந்துல இருக்கற என் சித்தி பையன்கிட்ட போன்ல பெருமையாச் சொன்னேன். அவன் சிரிச்சான். "அக்கா, நீ செயின்ல மாட்டிட்டே"ன்னான். அங்க இதுக்குப் பேரே செயின்தானாம். நான் என் வீட்டை வித்தாத்தான் உங்க வீட்டை வாங்க முடியும், நீங்க வித்தாத்தான் அடுத்த வீட்டை வாங்க முடியும்னு சங்கிலியா நீளும். ஒரு கண்ணி அறுந்தா எல்லாருக்கும் நின்னுடும். அதைவிட, ரெண்டு தரப்பு வக்கீலும் ஒப்பந்தத்தைப் பரிமாறிக்கற வரைக்கும் அங்க யாரையும் எதுவும் கட்டுப்படுத்தாது. மாசக்கணக்கா அலைஞ்ச பிறகு வேற ஒருத்தர் கூட விலை சொன்னார்னு விக்கறவர் அந்தப் பக்கம் போயிடலாம். அதுக்கு கசம்பிங்னு ஒரு பேர்கூட வச்சிருக்காங்க.

"நம்ம ஊர்ல அப்படியெல்லாம் இல்லடா, அட்வான்ஸ் வாங்கினா வாக்கு வாக்குதான்"னு சொன்னேன். தமிழ்நாட்டுல 2012 டிசம்பர்ல இருந்து கிரய ஒப்பந்தத்தையே பதிவு பண்ணணும்னு சட்டமும் இருக்கு. ஆனா அந்த வாக்கே நமக்குக் கத்தி. இங்க ஒப்பந்தம் முதல்ல வந்துடுது, ஆவணச் சோதனை அப்புறம்தான் வருது. தேதி தவறினா வாங்கறவரோட அட்வான்ஸ் போயிடலாம். நான் ஒரு பக்கம் விக்கறவள், இன்னொரு பக்கம் வாங்கறவள். ஒரு கையில தாமதம் ஆனா இன்னொரு கையில 5 லட்சம் போகும்.

ஜூன் முதல் வாரம் அந்தத் தாமதம் வந்துது. எங்க வீட்டை வாங்கறவங்களுக்கு லோன் குடுக்கற பேங்கோட வக்கீல் எல்லாப் பேப்பரையும் பார்த்தார். 30 வருஷத்து வில்லங்கம் சுத்தம். மூலப்பத்திரம் சரி. அப்பா இறந்த பிறகு வீட்டு வரி, ஈபி இணைப்பு எல்லாத்தையும் அம்மா பேருக்கு மாத்தியிருந்தோம். அதோட வேலை முடிஞ்சுதுன்னு ஆறு வருஷமா நினைச்சிட்டிருந்தோம். வரி ரசீது வேற, உரிமை வேற. இதை அன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன்.

வக்கீல் வாரிசுச் சான்றிதழை எடுத்து வச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதுல நாலாவதா இருக்கற இவங்க யாரு?"

அது எங்க அப்பத்தா. அப்பாவோட அம்மா.

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாம ஒரு ஆம்பளை இறந்தா, மனைவி, மகன், மகள் மாதிரியே அவரைப் பெத்த தாயும் முதல் வகுப்பு வாரிசு. எங்கப்பா இறந்தப்ப அப்பத்தா உயிரோட இருந்தாங்க. அப்ப அம்மாவுக்குக் கால் பங்கு, எனக்குக் கால், தம்பிக்குக் கால், அப்பத்தாவுக்குக் கால். சரி, அப்பத்தாவும் 2021-ல போயிட்டாங்களே, அப்புறம் என்னன்னு கேட்டேன். "அங்கதாம்மா சிக்கல்"னார். அவங்களும் உயில் எழுதலை. அவங்க கால் பங்கு அவங்க பிள்ளைங்களுக்குப் போகும். பெரியப்பாவுக்கு ஒரு பாகம், அத்தைக்கு ஒரு பாகம், இறந்துபோன எங்கப்பாவோட பாகம் எனக்கும் தம்பிக்கும். அதாவது எங்க வீட்டுல பெரியப்பாவுக்குப் பன்னெண்டுல ஒரு பங்கு. அத்தைக்கும் பன்னெண்டுல ஒரு பங்கு. ரெண்டு பேரும் கிரயப் பத்திரத்துல கையெழுத்துப் போடாம பேங்க் ஒரு ரூபாய் தராது.

62 லட்சத்துல பன்னெண்டுல ஒண்ணு, 5,16,666 ரூபாய்.

பெரியப்பாவும் அப்பாவும் பேசிப் பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. அன்னூர்ப் பக்கம் இருந்த தோட்டத்தைப் பாகம் பிரிச்சப்ப, கிணத்துல மோட்டார் ஓட்டற முறை யாருக்கு எத்தனை நாள்னு ஆரம்பிச்ச சண்டை. எங்கப்பா சாவுக்கு வந்து ஓரமா நின்னுட்டுப் போனவர் அவர்.

அத்தை பல்லடத்துப் பக்கம். மாமா விசைத்தறியில வேலை பார்த்தவர், இப்ப இல்லை. அத்தை நூறு நாள் வேலைக்குப் போறாங்க.

எங்க புரோக்கர் அண்ணன் பதறவே இல்லை. "இதுக்கெல்லாம் ஏன் பயப்படறீங்க? பெரியவர்கிட்ட நாலு பெரிய மனுசங்களை வச்சுப் பேசி ஒரு தொகை குடுத்துக்கலாம். அத்தைக்கு நல்ல பட்டுச் சேலையா ஒண்ணு எடுத்துக் குடுங்க, போதும். ஊர்ல எல்லாரும் அப்படித்தானுங்க செய்யறாங்க." அம்மாவும் தலையாட்டினாங்க. "அவ கல்யாணத்துக்கே உங்கொப்பந்தான் செஞ்சாரு. அவ ஒண்ணும் கேக்க மாட்டா."

அம்மா சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. அடுத்த நாள் அத்தைக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள, "எங்கண்ணன் ஊடு கண்ணு அது. எனக்கெதுக்குக் காசு? எங்க வந்து கையெழுத்துப் போடோணும், அதைச் சொல்லு"ன்னாங்க.

போனை வச்சதும் எனக்கு நிம்மதியா இருந்துது. மறைக்காமச் சொல்றேன், நிம்மதிதான். அஞ்சு லட்சம் மிச்சம்.

அன்னைக்கு ராத்திரி தம்பி லோன் கணக்கைத் திருப்பிப் போட்டுட்டிருந்தான். "அத்தையே வேண்டாம்னுட்டாங்க, பிரச்சினை முடிஞ்சுதுக்கா"ன்னான். அந்த 'வேண்டாம்' என்னமோ நெஞ்சுல மாட்டிக்கிச்சு. இந்த வீட்டுல எனக்குக் கால் பங்குன்னு சட்டம் சொல்லுது. ஆனா அது எனக்கு நிஜமாக் கிடைக்குதுன்னா, சம்பளம் வாங்கி, லோனுக்குக் கையெழுத்துப் போட்டு, நடுவீட்டுல உக்காந்து கணக்குப் பேசறதாலதான். நான் பல்லடத்துல தறிக்குடோனுக்குப் பக்கத்துல கல்யாணம் பண்ணிட்டுப் போயிருந்தா, நானும் இப்படித்தானே சொல்லியிருப்பேன்?

தம்பிகிட்ட சொன்னேன்: "நாளைக்கு நானும் வேண்டாம்னு சொல்லுவேன்டா. அப்படிச் சொல்றவதான் நல்ல அக்கான்னு எல்லாரும் சேர்ந்து சொல்ல வச்சிருவீங்க." அவன் பதில் பேசலை. அம்மா ரெண்டு நாள் என்கிட்ட முகம் குடுத்துப் பேசலை.

பெரியப்பா, அத்தை ரெண்டு பேருக்கும் பங்கைக் குடுத்தா கையில வர்றது 52 லட்சத்துக்கும் கொஞ்சம் கம்மி. லோன் 25-ல இருந்து 35 லட்சம் ஆகும். மாசத் தவணை எட்டாயிரத்துச் சொச்சம் கூடும். அதை நான் கட்டறேன்னு சொன்னேன். ஒரு வாரம் கழிச்சு தம்பி வந்து, "பாதி என்னது"ன்னான்.

பெரியப்பாவைப் பார்க்க நாலு பெரிய மனுசங்களைக் கூட்டிட்டுப் போகலை. நானும் தம்பியும் மட்டும் போனோம். ஒரு பேப்பர்ல பங்குக் கணக்கை எழுதிட்டுப் போயிருந்தேன். களத்துல கயித்துக் கட்டில்ல உக்காந்திருந்தார். பேப்பரைக் கையில வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "உங்கொப்பன் கெணத்துல எனக்குக் கணக்கே காட்டலை. நீ காட்டறே. போடறேன் கண்ணு"ன்னார். காசு வேண்டாம்னு சொல்வாரோன்னு ஒரு நொடி எதிர்பார்த்தேன். சொல்லலை. வாங்கிக்கிட்டார். அதுல எனக்கு வருத்தமும் இல்லை. தொகை தெளிவா இருந்ததாலதான் பழைய சண்டை நடுவுல வரலை.

இதுக்குள்ள ஜூலை வந்துடுச்சு. வடவள்ளி வீட்டுக்காரர் பணத்தைப் பிடிச்சுக்கப் பார்க்கறார்னு ரெண்டு மாசமா புரோக்கர் மூலமாத்தான் கேள்விப்பட்டுட்டிருந்தேன். கடைசியில நானே நேர்ல போய்க் கதவைத் தட்டினேன். அவர் ஓய்வு பெற்ற வாத்தியார். மக வீட்டுக்குப் பக்கத்துல, துடியலூர்ல ஒரு பிளாட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு எங்க பணத்துக்காகத்தான் உக்காந்திருந்தார். அவரும் சங்கிலியில இன்னொரு கண்ணி. நான் அவரை வில்லன்னு நினைச்சிருக்கேன், அவர் என்னை ஏமாத்துக்காரின்னு நினைச்சிருக்கார். 40,000 ரூபாய் வட்டியாக் கேட்டார். நியாயம்தான். ஆவணி வரைக்கும் கெடுவை நீட்டி எழுத்துல வாங்கிக்கிட்டேன்.

அடுத்த முட்டுக்கட்டை அத்தையோட பான் கார்டு. சொத்து விலை 50 லட்சம், அதுக்கு மேல போனா, வாங்கறவர் 1% வரி பிடிச்சுத்தான் மிச்சத்தைத் தரணும். விக்கறவங்க எத்தனை பேர் இருந்தாலும் மொத்த விலையைத்தான் பார்க்கணும்னு 2024 அக்டோபர்ல சட்டத்தைத் தெளிவாக்கிட்டாங்க. பான் இல்லைன்னா பிடிக்கறது 20%. அத்தைக்குப் பானே இல்லை. வருமான வரித் தளத்துல ஆதாரை வச்சு இலவசமா, உடனே பான் எடுக்கலாம். ஆனா அத்தை ஆதாரோட இணைச்சிருந்த போன் நம்பர் பழசு. அதை மாத்தி, காத்திருந்து, அப்புறம் எடுத்தோம்.

இதே நிலைமையில இருக்கறவங்களுக்கு நாலு விஷயம் சொல்லிடறேன். வீட்டுக்கு ஆள் பார்க்கறதுக்கு முன்னாடி உங்க பேப்பரை ஒரு வக்கீல்கிட்ட நீங்களே காட்டுங்க. அட்வான்ஸ் குடுக்கறது அதுக்கப்புறம்தான். ரெண்டு ஒப்பந்தத்துலயும் ஒரே கெடுத்தேதி போடாதீங்க. வாங்கற பக்கத்துக்கு ரெண்டு மாசமாவது கூட இருக்கட்டும். 20,000 ரூபாயும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்காதீங்க, வாங்கினா அதே தொகை அபராதமா வரலாம். வித்த லாபத்தை ரெண்டு வருஷத்துக்குள்ள இன்னொரு வீட்டுல போட்டா வரிச்சலுகை உண்டு. வரிக்கணக்குத் தாக்கல் பண்ற கடைசித் தேதிக்குள்ள வாங்க முடியலைன்னா, மூலதன ஆதாயக் கணக்குன்னே பேங்க்ல ஒண்ணு இருக்கு, அதுல போட்டு வைங்க.

ஆவணியில ஒரு வெள்ளிக்கிழமை பத்திரம். டோக்கன் 11 மணிக்கு. பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்துட்டு, பன்னெண்டு வரைக்கும் ராகுகாலம், பேனாவைத் தொட மாட்டேன்னுட்டார். வாங்கற அந்தச் சின்னப் பசங்க, பேங்க் ஆள், புரோக்கர், நாங்க அஞ்சு பேரு, எல்லாரும் வேப்ப மரத்தடியில டீ குடிச்சிட்டு நின்னோம். பதினஞ்சு வருஷத்துக்கப்புறம் எங்கம்மா பெரியப்பாகிட்ட, "உங்களுக்குச் சக்கரை போடலாமுங்களா?"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த புதன்கிழமை வடவள்ளிப் பத்திரமும் முடிஞ்சுது. அந்த அஞ்சு நாளும் பழைய வீட்டுல தங்கிக்கச் சொல்லி அந்தப் பசங்க சாவியை எங்ககிட்டயே விட்டுட்டாங்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தையைப் பல்லடம் பஸ் ஏத்தி விடப் போனேன். டிடியைக் கவர்ல போட்டுக் கையில குடுத்தேன். பிரிச்சுப் பார்த்துட்டு, "இது ஏம் பேருக்கேதானா போட்டிருக்கு?"ன்னு கேட்டாங்க. ஆமாங்கத்தே, உங்க கணக்குல போட்டுக்கலாம்னேன். நூறு நாள் வேலைக்காக ஆரம்பிச்ச கணக்கு. அதைத் தவிர அவங்க பேர்ல வேற எதுவும் இல்லை. கவரை ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டு, பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காந்து, "சேலை எங்க கண்ணு? உங்கம்மா எடுத்து வச்சிருக்கேன்னாளே?"ன்னு கேட்டாங்க.

அடுத்த நாள் அம்மாவே எடுத்துட்டுப் போய்க் குடுத்துட்டு வந்தாங்க. அடுத்த வாரம் பார்க்கலாமுங்க.