நர்ஸ் சர்டிபிகேட்டும் எல்லைச் சாவடிகளும்

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, தோழர்களே, நர்ஸிங் படித்துக்கொண்டிருக்கும், படித்து முடித்திருக்கும் நம் வீட்டுப் பெண் பிள்ளைகளே!

சில மாதங்களாகச் சங்க அலுவலகத்துக்கு வருகிற குடும்பங்கள் ஒரே கேள்வியைக் கேட்கின்றன. "கடன் வாங்கிப் பெண்ணை நர்ஸிங் படிக்க வைத்துவிட்டோம். வெளிநாட்டில் வேலை கொட்டிக் கிடக்கிறது என்கிறார்கள். அங்கே நம்ம சர்டிபிகேட் செல்லுமா, செல்லாதா?" தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லோரும் உட்கார்ந்து பேசுவதே மேல் என்று நிர்வாகக் குழு தீர்மானித்தது. அதற்காகத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

வட ஆற்காட்டிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் பெரியவர்கள் பெங்களூருக்குப் பிழைப்புத் தேடி வந்தபோது அவர்களிடம் யாரும் சர்டிபிகேட் கேட்கவில்லை. பின்னி மில்லிலும், தண்டவாளத்திலும், கட்டட வேலையிலும் உடம்பைத்தான் கேட்டார்கள். இன்று அந்த வீட்டுப் பேத்தி கையில் படிப்பும் பட்டமும் வைத்திருக்கிறாள். இது சின்ன விஷயமல்ல. ஆனால் தாத்தாவின் உடல் உழைப்பைக் குறைந்த கூலிக்கு வாங்கிய உலகம், பேத்தியின் படிப்பையும் குறைந்த கூலிக்கு வாங்கப் பார்க்கிறது. அதற்கு அது கையாளும் வழி, "உன் படிப்பை இன்னும் நாங்கள் அங்கீகரிக்கவில்லை" என்று சொல்வது.

அட்டை தந்த பாடம்

ரயில்வேயில் வேலை செய்கிற நமக்கு இது புதிதல்ல. சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஏறாத வேலை செய்யாத வேலைதான். 1985 இல் இந்தர் பால் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, ரயில்வே திட்டப் பணிகளில் 360 நாட்கள் தொடர்ந்து உழைத்த கேஷுவல் தொழிலாளருக்குத் தற்காலிக அந்தஸ்து தரும் திட்டம் வந்தது. வெயிலில் ஜல்லி கொட்டியவர்கள் எல்லோரும் ஒன்றாகத்தான் கொட்டினார்கள். ஆனால் வேலை செய்த நாட்களைக் குறித்த அட்டையைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தவரால் அதைக் காட்ட முடிந்தது. அட்டை இல்லாதவர் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். நர்ஸ் விஷயத்திலும் இதே கதைதான் நடக்கிறது.

ஓசூரைத் தாண்டினாலே வேறு நாடு

வெளிநாட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் நம் வாசலைப் பார்ப்போம். இங்கிருந்து ஓசூர் 40 கிலோமீட்டர். ஆனால் நர்ஸ் பதிவேட்டைப் பொறுத்தவரை அது இன்னொரு நாடு மாதிரி. தமிழ்நாட்டில் 1926 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கவுன்சில். கர்நாடகத்தில் 1961 ஆம் ஆண்டுச் சட்டப்படி இன்னொரு கவுன்சில். கிருஷ்ணகிரியிலோ வேலூரிலோ படித்துச் சென்னையில் பதிவு செய்த பெண், கல்யாணமாகிப் பெங்களூருக்கு வந்தால், அங்கிருந்து ஆட்சேபணையின்மைச் சான்று வாங்கி இங்கே மறுபடி பதிய வேண்டும். இங்கே படித்த பெண் அங்கே போனாலும் அப்படியே.

பல குடும்பங்கள் இதைச் செய்வதில்லை. "ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவில்லையே" என்கிறார்கள். கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. பதிவில்லாத நர்ஸுக்குக் குறைத்துச் சம்பளம் தரலாம். எதிர்த்துக் கேட்டால் "உனக்கு இங்கே பதிவே இல்லை" என்று வாயை அடைக்கலாம்.

கர்நாடகத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் வந்தது. கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அதிகாரம் இந்திய நர்சிங் கவுன்சிலுக்கு இல்லை, படிப்புத் தகுதியை அங்கீகரிப்பதே அதன் வேலை என்று 2017 ஜூலையில் கர்நாடக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையடுத்து கவுன்சில் வெளியிட்ட பட்டியலில் இந்த மாநிலக் கல்லூரிகள் இடம்பெறாமல் போயின. தீர்ப்பின் சட்ட நுணுக்கம் வக்கீல்களுக்கு. வெளி மாநில வேலை என்ன ஆகும், வங்கிக் கடன் கிடைக்குமா என்று கலங்கியது படிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும்தான். ஆகவே கல்லூரியில் பணம் கட்டுமுன் மாநில அரசின் அனுமதி, கர்நாடக நர்சிங் கவுன்சிலின் அனுமதி, பி.எஸ்ஸி. என்றால் ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழக இணைப்பு ஆகிய மூன்றையும் எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். வாய் வார்த்தை கல்லூரிக் கட்டடத்தைவிட உயரமாக இருக்கும், அதை நம்பாதீர்கள்.

கடல் தாண்டினால்

வெளிநாடுகளில் முறை நாட்டுக்கு நாடு வேறு. ஆனால் எல்லோரும் கேட்பது நான்கு கேள்விகள்தான்: நீ எங்கே, என்ன படித்தாய்? உன் ஊரில் பதிவு பெற்ற நர்ஸா? எங்கே வேலை செய்தாய்? எங்கள் நோயாளியிடம் அவர் மொழியில் பேசுவாயா?

வளைகுடா நாடுகளில் கணினியில் ஒரு தேர்வு உண்டு. அதோடு, நீங்கள் தரும் தாள்களை அவர்கள் அப்படியே நம்புவதில்லை. அதற்கென உள்ள நிறுவனம் கல்லூரிக்கும் கவுன்சிலுக்கும் வேலை செய்த ஆஸ்பத்திரிக்கும் நேரடியாக எழுதி, "இது உங்கள் சான்றிதழ்தானா" என்று கேட்கிறது. ஆஸ்பத்திரி பதில் போடாவிட்டால் உழைத்த ஆண்டுகள் உழைக்காத ஆண்டுகளாகிவிடும்.

பிரிட்டனில் நர்ஸ், மருத்துவச்சி கவுன்சில் இருக்கிறது. ஆங்கிலத் தேர்வு, பிறகு இந்தியாவிலேயே எழுதக்கூடிய கணினித் தேர்வு, கடைசியாக அந்த நாட்டில் போய்ச் செய்து காட்ட வேண்டிய செய்முறைத் தேர்வு. எல்லாம் தேறிப் பதிவு எண் வந்த பிறகுதான் நர்ஸ் சம்பளம். அதுவரை கீழ்ப் படிச் சம்பளம்.

ஜெர்மனியில் பி-2 நிலை வரை ஜெர்மன் மொழி தேற வேண்டும். நம் பாடத்திட்டத்தை அவர்கள் பாடத்திட்டத்தோடு மணிக்கணக்கில் ஒப்பிட்டு, எது குறைகிறது என்று எழுதித் தருவார்கள். அந்தக் குறையைப் பயிற்சியாலோ தேர்வாலோ நிரப்ப வேண்டும். நிரப்பும் வரை உதவியாளர் வேலைதான். அமெரிக்கா போகிறவர்கள் எழுத வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வை இந்தப் பெங்களூரிலேயே எழுதலாம்.

தேர்வே வேண்டாம் என்கிறோமா?

இல்லை. படுக்கையில் கிடக்கும் நோயாளியும் நம்மைப் போன்ற உழைப்பாளிதான். மருந்தின் அளவு ஒரு புள்ளி தவறினால் போவது உயிர். மொழி தெரியாத நர்ஸிடம் நோயாளி வலியை எப்படிச் சொல்வார்? பெங்களூரில் வேலை செய்கிற நம் பெண்கள் கன்னடத்தை நன்றாகக் கற்க வேண்டும் என்று சங்கம் சொல்வதும் இதே காரணத்தால்தான். திறமையைச் சோதிக்கும் தேர்வை நாம் எதிர்க்கவில்லை.

நாம் எதிர்ப்பது, அங்கீகாரத்தைத் தள்ளிப்போட்டு அந்த இடைவெளியில் மலிவாக வேலை வாங்குவதை. பிரிட்டன் 2022 பிப்ரவரியில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு விசா திறந்தது. முறையாகப் படித்த நர்ஸ்கள் பலர், "அங்கே போய்ப் பதிவு செய்துகொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி, பராமரிப்பு உதவியாளராகப் போனார்கள். பகலும் இரவும் ஷிப்ட். தேர்வுக்குப் படிக்க நேரமில்லை, கட்டணத்துக்குப் பணமில்லை, முதலாளியை விட்டால் விசாவே ஆட்டம் கண்டுவிடும். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக அந்த வேலைக்கு ஆள் எடுப்பதை அந்த நாடு நிறுத்திவிட்டது. தேவைப்பட்டபோது திறந்த கதவை வேண்டாதபோது மூடினார்கள். பதிவு பெற்ற நர்ஸாகப் போனவள் தன் தொழிலின் பெயரில் நிற்கிறாள். உதவியாளராகப் போனவள் முதலாளியின் தயவில் நிற்கிறாள். இந்த வித்தியாசத்தை மனத்தில் இருத்துங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2010 இல் ஏற்றுக்கொண்ட நடைமுறை விதிகள், வேறு நாட்டிலிருந்து வரும் மருத்துவப் பணியாளரை உள்நாட்டுப் பணியாளருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கின்றன. அந்த விதிகளுக்குக் கட்டாயம் கிடையாது. கட்டாயமாக்க அமைப்பு வேண்டும்.

அங்கீகாரம் இங்கேதான் தொடங்குகிறது

இதுதான் இன்று நாங்கள் சொல்ல வந்த முக்கியமான செய்தி. லண்டனிலோ துபாயிலோ கேட்கப்போகும் கேள்விக்கான பதில், இன்று பெங்களூர் நர்ஸிங் ஹோமின் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. நியமன உத்தரவு இல்லாமல், சம்பளத்தைக் கவரில் போட்டு வாங்கிக்கொண்டு மூன்று ஆண்டு வேலை செய்த பெண்ணுக்கு அனுபவம் இருக்கிறது; சாட்சி இல்லை. ஆகவே நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஆகியவற்றுக்காக இங்கே போராடுவதும் அங்கே அங்கீகாரம் பெறுவதும் ஒரே போராட்டம்தான். "எப்படியும் வெளிநாடு போகப் போகிறோம், இங்கே எதற்கு வம்பு" என்று நினைக்கும் பெண், தான் ஏறவேண்டிய ஏணியின் முதல் படியையே எடுத்துவிடுகிறாள்.

அசல் சர்டிபிகேட்டை நிர்வாகத்திடம் கொடுக்காதீர்கள். பாண்டு எழுதி வாங்கி அசலைப் பூட்டி வைத்துக்கொள்ளும் கொடுமையை எதிர்த்துத்தான் 2011, 2012 ஆண்டுகளில் மும்பை, டெல்லி, கொச்சி ஆஸ்பத்திரிகளில் நர்ஸ்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2016 இல் உச்ச நீதிமன்ற உத்தரவையடுத்து மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும் என்றும், 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம் தரவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இதற்குக் கீழே வாங்கும் பெண்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் இப்போதே செய்ய வேண்டியவை:

1. மாநில கவுன்சில் பதிவைக் காலாவதியாக விடாமல் புதுப்பியுங்கள். நர்ஸ்களுக்கான தேசியப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள். மாநிலம் மாறினால் பதிவையும் மாற்றுங்கள்.

2. மார்க் பட்டியல் மட்டும் போதாது. எந்தப் பாடத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் வார்டு என்று காட்டும் முழு விவரப் பட்டியலைப் படிப்பு முடிந்த கையோடு கல்லூரியில் கேட்டு வாங்குங்கள். பத்து ஆண்டு கழித்துப் போனால் முதல்வர் மாறியிருப்பார், கல்லூரியே மூடியிருக்கலாம்.

3. பெயரைச் சரிபாருங்கள். நம்மவர்களுக்கு இதில்தான் பெரிய தொல்லை. பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் ஒற்றைத் தலைப்பெழுத்தாக இருக்கும். பாஸ்போர்ட்டில் அதே பெயர் விரிந்து குடும்பப் பெயராகிவிடும். ரேஷன் கார்டில் கன்னட உச்சரிப்பில் எழுத்து மாறும். கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயர் வந்து ஒட்டும். வெளிநாட்டு அதிகாரிக்கு இவர்கள் நான்கு பெண்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போதே எல்லாவற்றையும் ஒன்றாக்குங்கள்.

4. வேலையை விட்டு வரும் நாளிலேயே அனுபவச் சான்று வாங்குங்கள். எந்த வார்டு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி என்பது அதில் இருக்கட்டும்.

ஏஜென்ட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2015 இல் குவைத்துக்கு நர்ஸ்களை எடுத்த விவகாரத்தில் கொச்சியில் சி.பி.ஐ. வழக்குப் போட்டது நினைவிருக்கும். 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் ஆளுக்கு 19.5 லட்சம் வரை வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு விதிகளின்படி 30,000 ரூபாயும் வரியும்தான் உச்சவரம்பு. லட்சக்கணக்கில் கேட்பவன் வேலை வாங்கித் தருபவன் அல்ல, வேலையை விற்பவன். தமிழ்நாடு அரசு 1978 இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. கேரளத்தில் நோர்காவும் ஒடெபெக்கும் இருக்கின்றன. நகையை அடகு வைக்கும் முன் அங்கே ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.

நமது கோரிக்கைகள்

1947 ஆம் ஆண்டு நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக, 2023 ஆகஸ்டில் தேசிய நர்சிங், மருத்துவச்சி ஆணையச் சட்டம் நிறைவேறியது. தேசிய ஆணையம், மாநில ஆணையங்கள், நாடு முழுவதற்கும் ஒரு பதிவேடு என்று அதில் எழுதியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருக்கும் பதிவேடு நம் பெண் நிற்கும் கவுன்ட்டருக்கு வந்து சேர வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிந்தவர் எந்த மாநிலத்திலும் தடையின்றி வேலை செய்ய வழி வேண்டும். வெளிநாட்டு கவுன்சில்கள் கேட்கும் சரிபார்ப்புக் கடிதத்துக்குக் கல்லூரியும் கவுன்சிலும் குறித்த நாட்களுக்குள் பதில் அனுப்ப வேண்டும். அசல் சர்டிபிகேட்டைப் பிடித்து வைக்கும் நிர்வாகத்தின் மீது நடவடிக்கை வேண்டும். தொழிலாளரை ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி பெறும் அரசு, அவர்கள் படிப்புக்கு மதிப்புக் கேட்டு வெளிநாட்டு அரசுகளோடு ஒப்பந்தம் போட வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு நர்ஸும் தன் தாள்களின் நகலை ஒரு கோப்பில் போட்டு எடுத்து வாருங்கள். எது இருக்கிறது, எது இல்லை என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். ஒரே கல்லூரியில் நிற்கும் தாள்களுக்குப் பத்துப் பெண்கள் பத்து நாள் தனித்தனியாக அலைய வேண்டாம்; ஒரே நாளில் பத்துப் பேரும் சேர்ந்து போவோம், சங்கமும் கூட வரும்.