துப்பாக்கி, தூண்டில், படக்கருவி



இப்பத்தாம் ஆண்டு விழாவில் ஜிம் கார்பெட்டின் நூல்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நண்பர்கள் சிலர் வியந்தனர். துப்பாக்கியைத் தொட்டும் அறியாத தமிழாசிரியைக்கு வேட்டை நூல்களில் என்ன வேலை? கையிலுள்ள கருவியை எப்போது எடுப்பது, எப்போது கீழே வைப்பது என்பதை ஒரு மனிதர் வாழ்நாள் முழுதும் கற்ற வரலாறு அவற்றில் இருக்கிறது. அதுவே என்னை ஈர்த்தது.

கார்பெட் 1875இல் குமாவோன் மலையிலுள்ள நைனிடாலில் பிறந்தார். தந்தையை இளமையிலேயே இழந்தார். குளிர்காலத்தில் குடும்பம் மலையடிவாரத்துக் காலாடுங்கிக்கு இறங்கிவிடும். அக்காடே அவருடைய பள்ளி. முதலில் உண்டிக்கோல், பிறகு வில், அடுத்து வாய்வழி மருந்திடும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. அதன் ஒரு குழல் பிளந்திருந்தது. கட்டையும் குழலும் பித்தளைக் கம்பியால் கட்டப்பட்டிருந்தன. குறையுள்ள கருவி நிறைவான கவனத்தைக் கோரும். விலங்கின் அடிச்சுவடு, குரங்கின் எச்சரிக்கைக் குரல், மானின் கனைப்பு ஆகியவற்றை எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் அவர் படித்தார். எத்துப்பாக்கியினும் சிறந்த கருவி அந்த அறிவே என்பது அவர் நூல்கள் முழுவதும் ஓடும் கருத்தாகும்.

436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை அவர் 1907இல் வீழ்த்தினார். அச்செயலைப் பாராட்டி அவருக்கு ரிக்பி துப்பாக்கி ஒன்று பரிசளிக்கப்பட்டது. ஆயின், நான் நின்று படித்த இடம் வேறு. இறந்த புலியின் வாயைத் திறந்து பார்க்கிறார். வலப்பக்கக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. முன்னர் யாரோ சுட்ட குண்டின் விளைவு அது. இயல்பான இரையைப் பிடிக்க இயலாமற்போன புலி மனிதரை நாடியது. முக்தேசர் பெண்புலிக்கோ முள்ளம்பன்றி பகையாயிற்று. ஒரு கண்ணை இழந்து, முட்கள் தைத்த காலோடு அது திரிந்தது. புலி பிறவிக் கொடியது அன்று. காயம்பட்ட புலியே பெரும்பாலும் ஆட்கொல்லியாகிறது என்று அவர் எழுதினார். பொறுப்பற்ற ஒருவன் அரைகுறையாகச் சுட்டுவிட்டுப் போனதற்கு எத்தனை குடும்பங்கள் விலை கொடுத்தன என்று எண்ணும்போது நெஞ்சம் நடுங்குகிறது.

125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாகைச் சிறுத்தையை அவர் 1926இல் ஒரு மாமரத்தில் இருந்து சுட்டார். காரிருளில் ஆட்டின் கழுத்துமணி ஒலித்ததுமே துப்பாக்கியில் பொருத்திய கைவிளக்கை ஏற்றினார். சுட்டதும் அவ்விளக்கு அணைந்துவிட்டது. அதற்குமுன் அவரை வழிநடத்தியது செவியே அன்றோ!

ஆட்கொல்லி வேட்டையைக் கூறும் நூலிலேயே மீன்பிடித்தலுக்கு ஓர் இயல் உண்டு. மலையடிவார ஆறுகளில் மகசீர் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பதே தமக்கு மிக விருப்பமான பொழுதுபோக்கு என்கிறார். மீனின் எடையோடு அவர் மகிழ்ச்சி முடிவதில்லை. ஆறும் மரமும் பறவையும் சூழ்ந்திருப்பதே அவ்வின்பத்தின் பெரும்பகுதி என்கிறார். துப்பாக்கி அச்சத்தோடு காத்திருக்கக் கற்பித்தது. தூண்டில் மகிழ்ச்சியோடு காத்திருக்கக் கற்பித்தது.

அவரைக் குறையற்றவராகக் காட்ட நான் விரும்பவில்லை. 1930இல் அவர் சுட்ட பவால்கர் புலி ஆட்கொல்லி அன்று. உருவத்தால் புகழ்பெற்றதே அதன் குற்றம். இயக்கப்படக் கருவி கைக்கு வந்து ஈராண்டு கழிந்த பின்னும் அவர் அதைச் சுட்டார். மனமாற்றம் ஒரே நாளில் நிகழ்வதன்று. பின்னர் அக்கருவியின் ஓசை புலிக்குக் கேளாதிருக்க, காட்டோடையில் சிறு அணைகள் கட்டி, நீர் விழும் ஒலியை எழுப்பினார். அந்த மறைவில் இருந்து புலிகளைப் படம் பிடித்தார். சுட்டுக் கொண்டுவரும் தோல் ஒருவருக்கே உரியது. நல்ல படமோ பலருக்கும் இன்பம் தருவது என்பது அவர் கண்ட முடிவு. 1936இல் உருவான தேசியப் பூங்காவின் பின்னணியில் அவர் உழைப்பும் உண்டு. 1955இல் அவர் கென்யாவில் மறைந்தபின் அப்பூங்கா அவர் பெயரைப் பெற்றது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டதும் அங்கேதான்.

அன்பர்களே, நமக்குத் துப்பாக்கி இல்லை, சொல் இருக்கிறது. பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் எத்தனையோ நூல்களை மதிப்பிட்டிருக்கிறோம். முழுதும் படியாமல், எழுதியவரின் தடத்தை அறியாமல், நாம் எறிந்த சொற்களும் சில இருக்கக்கூடும். நான் எறிந்தவையும் அவற்றுள் உண்டு. குறி தவறிய குண்டு காட்டிலே ஒரு புலியை என்ன செய்தது என்பதைக் கார்பெட் காட்டினார். நம் அரைகுறைச் சொல் ஓர் இளம் எழுத்தாளரின் உள்ளத்தில் என்ன செய்தது என்பதை நாமும் திரும்பிப் பார்ப்போமாக.