நடையும் ஒரு நியமம்



உடற்பயிற்சியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். அதன் நன்மைகளை இங்கே அடுக்கப் போவதில்லை. அவற்றை அறியாதவர் இம்மண்டபத்தில் ஒருவரும் இரார். அறிந்து, விரும்பித் தொடங்கிய ஒன்று பத்தே நாட்களில் நின்றுபோவது ஏன் என்பதே என் கேள்வி. அதைக் கேட்கும் தகுதி எனக்கு நிரம்ப உண்டு. தொடங்கி நிறுத்துவதில் நான் பழுத்த அனுபவம் உடையவன்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயதானபோது, இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர், "இன்னும் சர்க்கரை நோய் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது. நாள்தோறும் நடந்து வாருங்கள்" என்றார். அன்று மாலையே புதுக் காலணி வாங்கினேன். மறுநாள் ஒரு மணி நேரம் நடந்தேன். பத்தாம் நாள் மழை. பதினோராம் நாள் உறவினர் வீட்டுத் திருமணம். பன்னிரண்டாம் நாள் எழ மனம் வரவில்லை. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து தொடங்கலாம் என்று முடிவு செய்தேன். அந்த முதல் தேதி வந்து சேர மூன்று ஆண்டுகள் ஆயின. அதற்குள் வாசலில் நின்றது வீட்டுக்குள் வந்துவிட்டது.

அந்த மூன்று ஆண்டுகளின் மதிப்பைப் பிறகுதான் அறிந்தேன். சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், என்னைப் போல் நோயின் வாசலில் நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேர் அக்காலத்துக்குள் நோயாளிகள் ஆயினர். நடை, உணவு ஆகியவற்றில் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் அவ்வாறு ஆனவர்கள் நூற்றுக்கு 39 பேர். நடந்தவர் எல்லோரும் தப்பிவிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனினும் இடையில் உள்ள அந்தப் பதினாறு பேரில் நானும் ஒருவனாக இருந்திருக்கக் கூடும்.

இப்போது ஒரு வியப்பைச் சொல்கிறேன். நடையைக் கைவிட்ட அதே மூன்று ஆண்டுகளில், ஒரு நாளேனும் சூரியன் மறைந்தபின் நான் உண்டதில்லை. வெளியூர்ப் பயணத்திலும் இல்லை; திருமண வீட்டிலும் இல்லை. ஒரே மனிதனுக்கு ஓரிடத்தில் மலை போன்ற உறுதியும் மற்றோரிடத்தில் மணல் போன்ற உறுதியும் எவ்வாறு அமையும்?

ஆராய்ந்து பார்த்தால் அது உறுதியின் வேறுபாடு அன்று. இரவுண்ணாமையை நான் நாள்தோறும் தீர்மானிப்பதில்லை. பொழுது சாய்வதே அடையாளம். அதைக் கண்டதும் அடுப்பு அணைகிறது, பாத்திரம் கவிழ்கிறது, வீடே அதற்கு இசைந்து நடக்கிறது. மனத்தோடு பேரம் பேச அங்கே இடமில்லை. நடையையோ ஒவ்வொரு காலையும் புதிதாக விவாதித்தேன். அரைத்தூக்கத்தில் நடக்கும் விவாதத்தில் எப்பக்கம் வெல்லும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இலண்டனில் 96 பேரைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வும் இதையொட்டியே அமைந்தது. ஏதேனும் ஒரு நற்செயலை நாள்தோறும் ஒரே சூழலில், காலை உணவுக்குப் பின் என்பது போன்ற ஓர் அடையாளத்தோடு, செய்து வருமாறு அவர்களிடம் கூறினார்கள். அது தன்னியல்பாகப் படிய ஏறத்தாழ 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் இக்கணக்கு 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நீர் அருந்துவது போன்றவை விரைவில் படிந்தன. உடற்பயிற்சிக்கு அதனினும் நாளாயிற்று. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய கேடு எதுவும் நேரவில்லை என்பதே அதில் என்னைத் தொட்ட செய்தி.

நம் இல்லறத்தாருக்குரிய ஒழுக்க நூல்கள், கால எல்லை வகுத்து ஏற்பதை நியமம் என்றும், வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பதை இயமம் என்றும் பிரித்துக் கூறுகின்றன. என் பிழை அங்கேதான் இருந்தது. பழக்கமே இல்லாத ஒன்றை முதல் நாளே, ஒரு மணி நேர அளவில், இயமமாக ஏற்றேன். இரண்டாம் முறை தொடங்கியபோது பத்து நிமிடம் மட்டும், தீபாவளி வரை மட்டும் என்று வரையறுத்தேன். காலையில் கோயிலில் வழிபட்டு வெளியே வந்ததும், வீட்டுக்குள் நுழையாமல் தெருவைச் சுற்றிவிட வேண்டும். அவ்வளவே. தீபாவளி வந்தது, பொங்கல் வரை நீட்டினேன். பத்து நிமிடம் தானாகவே முப்பதாயிற்று. வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உழைப்பு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்த அளவை எட்ட எனக்கு எட்டு மாதம் பிடித்தது. நாளுக்குப் பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டும் என்று அஞ்சி ஒதுங்குபவர்களுக்கு ஒரு செய்தி: அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது, மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று.

நடுவில் காய்ச்சல் கண்டு ஒன்பது நாள் படுத்தேன். பழைய நானாக இருந்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். பிரதிக்கிரமணம் என்ற சொல்லுக்குத் திரும்பி வருதல் என்பதே பொருள். பத்தாம் நாள் தெருமுனை வரை சென்று திரும்பினேன்.

உணவு பற்றி ஒரு சொல். பொழுது சாயுமுன் உண்பது நன்று; அந்நேரத்துக்குள் முறுக்கும் இனிப்புமாக முடித்துவிடுவது நன்றன்று. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் உண்ணாநோன்பு ஏற்க வேண்டாம். இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம்.

தாய்மார்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. உண்மையில் அதை ஆண்களிடம்தான் சொல்ல வேண்டும். என் ஒழுங்கைப் பற்றி இவ்வளவு பெருமை பேசினேன். சென்ற ஆண்டு என் மனைவியையும் நடக்குமாறு மருத்துவர் கூறினார். வீடு திரும்பியதும் என் அறிவுரை முழுவதையும் அவளிடம் கொட்டினேன்: அடையாளம், நியமம், பத்து நிமிடம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்தப் பத்து நிமிடம்?" என்றாள். என்னிடம் விடை இல்லை. நான் தெருவைச் சுற்றும் அதே வேளையில் அவள் பால் காய்ச்சினாள், நீர் வடிகட்டினாள், பேரனைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்தாள். என் நியமம் அவள் தோளின் மீது நின்றிருக்கிறது. வீட்டு வேலையே பெண்களுக்குப் பயிற்சி என்று சொல்லித் தப்பிக்கும் ஆண்களில் நானும் ஒருவனாக இருந்தேன். இப்போது காலைக் காபி என் பொறுப்பு. அது நன்றாக இருப்பதாக இதுவரை எவரும் கூறவில்லை. ஆனால் அவள் நடக்கிறாள்.

நாளை முதல் தீபாவளி வரை, பொழுது நன்கு விடிந்தபின் ஆறு மணிக்கு, மண்டப வளாகத்தை நடப்பவர்களுக்காகத் திறந்துவைக்க அறக்கட்டளையினர் இசைந்துள்ளார்கள். வாயிலருகே ஒரு குறிப்பேடு இருக்கும். முதல் பத்தியில் நடக்க விரும்புபவர் தம் பெயரை எழுதலாம். தாய்மார்களின் பெயருக்கு நேராக, இரண்டாம் பத்தியில், அந்த நேரத்தில் வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொள்பவரின் பெயரையும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டுப் பெயர்கள் இரண்டும் ஏற்கெனவே எழுதப்பட்டுள்ளன.