வேப்பமரமும் மாரியாத்தாளும்
(புதுவையில் செய்த சொற்பொழிவு)



புதுச்சேரிப் பட்டணத்தாரானாலும், வில்லியனூர், பாகூர் கிராமத்தாரானாலும் வேப்பமரத்தை அறியாதவர் இங்கு ஒருவரும் இரார். அம்மரத்துக்கு நாம் மஞ்சள் துணி கட்டினோம், குங்குமம் வைத்தோம், மாரியாத்தாள் என்று கும்பிட்டோம். அதற்குள் என்ன இருக்கிறதென்று மாத்திரம் கேட்கவில்லை. கேட்டவனை நாஸ்திகன் என்றோம்.

கேட்டவர்கள் கண்டதைச் சொல்லுகிறேன். 1942-இல் சலீமுஸ்ஸமான் சித்திகி என்னும் ரசாயன நிபுணர் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலிய கசப்புச் சத்துக்களைப் பிரித்தெடுத்தார். 1968-இல் இங்கிலாந்தில் வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டின் என்னும் சத்தைப் பிரித்தார்கள். அது பட்ட தழையைத் தின்னப் பல பூச்சிகள் மறுக்கின்றன. தின்ற புழுவும் சரியாகத் தோலுரித்து வளர மாட்டாது. ஆகவே, தானியத்திலும் துணிப்பெட்டியிலும் வேப்பிலை போட்டு வைத்த நம் பாட்டிமார் செய்தது மந்திரமல்ல, அனுபவம். வயலுக்குப் போடும் வேப்பம் புண்ணாக்கு உரச்சத்து வீணாகாமல் தடுக்கிறது. அதனாலேயே 2015-இல், இந்நாட்டில் செய்யும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசவேண்டுமென்று சர்க்கார் விதித்தது.

இந்த அனுபவத்துக்கு ஐரோப்பாவிலும் மதிப்புண்டு. வேப்பெண்ணெயால் பயிர்ப் பூஞ்சாளத்தை அடக்கும் முறைக்கு, 1994-இல் அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்கும் அந்நாட்டு விவசாய இலாகாவுக்கும் அங்கே காப்புரிமை கொடுத்தார்கள். 2000-இல் அது ரத்தாயிற்று. 2005-இல் அப்பீலும் தள்ளுபடியாயிற்று. ஸ்தல புராணத்தைக் காட்டியா ஜெயித்தோம்? இந்தியாவில் முன்னமே வேம்பைப் பயன்படுத்திய அனுபவத்தைக் காட்டி ஜெயித்தோம்.

இனி அம்மைக்கு வருவோம். பெரியம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி, கூழ் ஊற்றி, வைத்தியரை வாசலிலேயே நிறுத்தினோம். எத்தனை தலைமுறை இப்படிச் செய்தோம்! பெரியம்மை போயிற்றா? 1796-இல் ஜென்னர் கண்டறிந்த அம்மை குத்தும் முறை நாடெங்கும் பரவிய பிறகுதான் போயிற்று. 1975-க்குப் பின் இந்தியாவில் அது ஒருவருக்கும் வரவில்லை. 1980-இல் உலகத்திலேயே ஒழிந்ததென்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. கூழ் ஊற்றியவனையும் ஊற்றாதவனையும் அம்மைப்பால் ஒன்றாகவே காத்தது.

தட்டம்மையும் சின்னம்மையும் இன்னும் இருக்கின்றன. அரிக்கும் இடத்தில் நகம் படாமல் வேப்பிலையால் தடவுவதை நான் குறை கூறவில்லை. தடவிவிட்டு, "ஆத்தாள் வந்திருக்கிறாள், டாக்டர் வேண்டாம்" என்பதைத்தான் குறை கூறுகிறேன். ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை ஊசி போடாமல் வேப்பிலையை நம்பியிருப்பது, பெற்ற பிள்ளையைப் பணயம் வைப்பதாகும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. "வேப்பெண்ணெய்தானே, ஆத்தாள் மருந்து, என்ன செய்யும்?" என்று கைக்குழந்தைக்குப் பாலாடையில் புகட்டாதீர்கள். அப்படிப் புகட்டப்பட்ட குழந்தைகள் வாந்தியும் மயக்கமும் வலிப்பும் கண்டு ஆஸ்பத்திரிக்கு வந்ததையும், சில மாண்டதையும் மலேசியாவில் டாக்டர்கள் 1980-களில் எழுதி வைத்திருக்கிறார்கள். புழுவைக் கொல்லும் வஸ்துவுக்குப் பச்சைக் குழந்தை மட்டும் விலக்கா?

ஆகவே தோழர்களே, தெருவுக்குத் தெரு வேம்பை நடுங்கள். பல்லுக்குக் குச்சியும் வயலுக்குப் புண்ணாக்கும் எடுத்துக் கொள்ளுங்கள். குழந்தைக்குக் காய்ச்சலென்றால் மட்டும் மரத்தடிக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.