பாட்டன் பெயரைத் தேடுவோர்
(கடல்கடந்த தமிழர்தம் குடிவழி பற்றிய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



ஒரு தமிழனை நோக்கி, "நீ யார்?" என வினவினால், அவன் மூன்று செய்திகளை அடுக்கிச் சொல்வது தொன்றுதொட்ட வழக்கு. முதற்கண் ஊர்ப்பெயர், அடுத்துத் தந்தை பெயர், இறுதியில் தன்பெயர். இம்மூன்றும் ஒருங்கு நின்றால் அவன் குடிவழி விளங்கும். ஒன்று அழியின் ஏனை இரண்டும் தள்ளாடும். இரண்டும் அழிந்துபடின், எஞ்சி நிற்கும் தன்பெயர் வேரறுந்த மரத்தையே ஒக்கும். அந்நிலைக்கு ஆளாக்கப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் பல்லாயிரம் தென்னாப்பிரிக்காவிலும் மொரிசுத் தீவிலும் பிசித் தீவிலும் இன்றும் வாழ்கின்றன. தம் கொள்ளுப்பாட்டனைப் பெற்றவன் யாவன் என அவர்கள் தேடும் தேட்டமே இச்சொற்பொழிவின் பொருளாகும்.

1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்தினின்று 'துரூரோ' என்னும் கப்பல் புறப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அது நேட்டால் நாட்டின் தர்பன் துறையை அடைந்தது. அதில் சென்றோர் 342 பேர். கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்கென்று ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்ட முதற் கூட்டம் அதுவே. 1866இல் நின்றுபோன இவ்வாளேற்றம் 1874இல் மீண்டும் தொடங்கி, 1911 வரை நடந்தது. இவ்வைம்பது ஆண்டுகளில் நேட்டாலுக்குக் கொண்டு செல்லப்பட்டோர் தொகை 152,184. இவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னையிலிருந்து கப்பலேறியோர். தமிழரும் தெலுங்கருமே அவருட் பெரும்பான்மையர்.

கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. தோட்டக்காரனுக்கு அவ்வெண்ணே போதுமானதாயிருந்தது. ஆயினும், அவ்வெண்ணைத் தாங்கிய பதிவேட்டிலேயே வேறு சில கட்டங்களும் இருந்தன. பெயர், தந்தை பெயர், அகவை, பால், சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலிற் கண்ட அடையாளம் என அவை விரியும். "இடக்கையில் தழும்பு", "நெற்றியில் வடு" என்பன போன்ற குறிப்புகள், ஓடிப்போனவனைப் பிடித்துக் கொணர்வதற்கென்று எழுதப்பட்டவை. ஆனால், ஒரு படமும் இல்லாத பாட்டனின் உடலைப் பற்றி இன்றைய பெயர்த்திக்குக் கிடைக்கும் ஒரே செய்தி அத்தழும்பாகவே இருக்கக்கூடும். மாந்தனை எண்ணாக்கிய அதே ஏடு, அவன் தந்தையின் பெயரையும் காத்து வைத்திருக்கின்றது. கொடுமைக்கென எழுதப்பட்ட ஏட்டினின்றே உறவைத் தேடி எடுக்க வேண்டியிருக்கின்றது.

அங்ஙனமாயின் தேடுவது எளிதன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று. தடைகள் நான்கு உள.

முதற்றடை, குடும்பப்பெயர் என்னும் ஐரோப்பிய வழக்கு. தமிழருக்குக் குடும்பப்பெயர் இல்லை; தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்தாக நிற்கும். நேட்டால் அலுவலகங்களோ பெயருக்குப் பின் ஒரு குடும்பப்பெயரைக் கேட்டன. எனவே, தந்தையின் இயற்பெயரே மக்களுக்குக் குடும்பப்பெயராக எழுதப்பட்டது. அடுத்த தலைமுறையில் சிலர் அதனையே தொடர்ந்தனர். சிலர் தம் தந்தையின் பெயரைப் புதிதாகச் சூடினர். இவ்வாறு, ஒரு பாட்டன் வழிவந்த பங்காளிகள் வெவ்வேறு குடும்பப்பெயர் தாங்கி, ஒருவரையொருவர் அறியாது போயினர்.

இரண்டாம் தடை, சாதிப்பட்டம் குடும்பப்பெயரானமை. கவுண்டர் என்பது 'கொவெண்டர்' எனவும், முதலியார் என்பது 'மூட்லி' எனவும் திரிந்து இன்று தென்னாப்பிரிக்காவில் நிலைத்துள்ளன. இப்பட்டங்களைப் பின்னாளிற் சேர்த்துக்கொண்டோரும் உளர். பட்டம் தந்தையைக் காட்டாது, ஊரையும் காட்டாது. ஒரே பட்டம் பூண்டோர் ஆயிரவர் நிற்கும்போது, அவருள் உறவினர் யார், அயலார் யார் எனப் பிரித்தறிய அஃது ஒரு சிறிதும் உதவாது.

மூன்றாம் தடை, எழுத்துச் சிதைவு. தமிழறியா எழுத்தன் செவிவழிக் கேட்டதை உரோமன் எழுத்தில் எழுதினான். சிறப்பு ழகரத்திற்கு அவனிடம் எழுத்தில்லை. னகர, ணகர வேறுபாடும் லகர, ளகர வேறுபாடும் அவனுக்குப் புலப்படா. முனிசாமி 'மூன்சாமி' ஆனான். குப்புசாமி 'கூப்பூசாமி' ஆனான். ஒரே ஆளின் பெயர் மூன்று ஏடுகளில் மூன்று வகையாக நிற்பதுண்டு. தேடுவோன் எழுத்தைக் கண்ணாற் பார்த்தல் போதாது. வாய்விட்டு ஒலித்துப் பார்த்தல் வேண்டும். ஒலித்தவழி உள்ளே மறைந்திருக்கும் தமிழ்ப்பெயர் வெளிப்படும். தமிழை மறந்த தலைமுறைக்கு இவ்வாயிலும் அடைபடுகின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நான்காம் தடை, ஒரே பெயருடையார் பலராயிருத்தல். ஆறுமுகம், முனியன், குப்பன் என்னும் பெயரினர் கப்பல்தோறும் இருந்தனர். இங்கேதான் அவ்வெண் பயன்படுகின்றது. ஒப்பந்தம் முடிந்தமைக்கான சான்று, திருமணப் பதிவு, மக்கள் பிறந்த பதிவு ஆகியவற்றிலும் அவ்வெண் குறிக்கப்பெற்றிருக்கும்போது, அவை அனைத்தும் ஒரே ஆளைப் பற்றியன எனத் துணியலாம். தம் செலவில் வணிகராகச் சென்றோர்க்கு இவ்வெண் இல்லை. அவர்களைத் தேடும் வழி வேறு.

இனி, தேடும் முறையை ஓர் எடுத்துக்காட்டாற் காண்க. இது விளக்கத்திற்கெனப் புனைந்த குடும்பமேயன்றி உண்மைக் குடும்பமன்று. ஆறுமுகம் என்பான் ஒருவன் 1890இல் தன் இருபதாம் அகவையிற் கப்பலேறினான் எனக் கொள்க. அவன் 1936இல் இறந்தபோது எழுதப்பட்ட இறப்பறிக்கையில் தந்தை பெயர் 'சின்னசாமி' என நிற்கின்றது. குடும்பத்தார் மூன்று தலைமுறையாகச் சின்னசாமியையே மூதாதையாகக் கொண்டு, நீத்தார் வழிபாட்டிலும் அப்பெயரையே சொல்லி வருகின்றனர். பின்னர் கப்பற்பட்டியலைக் காண்கின்றனர். அங்கே ஆறுமுகத்தின் தந்தை 'பொன்னன்' என்றிருக்கின்றது. எதனை நம்புவது?

ஆவணத்தை எடையிடுங்கால் கேட்கவேண்டிய முதல் வினா, "இச்செய்தியைச் சொன்னவர் யார்?" என்பது. இறப்பறிக்கையில் உள்ளதை இறந்தவன் சொல்லவில்லை. அவன் இளைய மகன் சொன்னான். அவனோ தன் பாட்டனைக் கண்டவனல்லன். கப்பற்பட்டியலில் உள்ளதை ஆறுமுகமே தன் வாயாற் சொன்னான். எழுத்தன் பிழைபடக் கேட்டிருக்கலாம்; ஆயினும் பொன்னன் என்பது சின்னசாமி எனவோ, சின்னசாமி என்பது பொன்னன் எனவோ திரிதற்கு வழியில்லை.

இரண்டாம் வினா, "வேறு சான்று உடன்படுகின்றதா?" என்பது. ஆறுமுகத்தின் தலைமகன் பிறந்த பதிவில் அவன் பெயர் 'பொன்னுசாமி' எனக் காணப்படுகின்றது. தமிழர் வழக்கில் மகனின் மகன் 'பெயரன்' எனப்படுவான். பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதே அச்சொல்லின் பொருள். அதுவே 'பேரன்' என மருவிற்று. தலைமகனுக்குத் தன் தந்தையின் பெயரை இடுதல் பெருவழக்கு. எனவே, மகன் பெயர் பாட்டன் பெயருக்குச் சான்று பகர்கின்றது. எந்த வெள்ளை எழுத்தனும் அறியாத இச்சான்றைத் தமிழ்ச்சொல் ஒன்றே திறந்து காட்டுகின்றது.

மூன்றாம் வினா, யாவற்றினும் இன்றியமையாதது. "பிழையான பெயர் எங்ஙனம் புகுந்தது?" என்பதே அது. பிழையை ஒதுக்கித் தள்ளுதல் மட்டும் ஆய்வாகாது. அது பிறந்த வழியையும் காட்டுதல் வேண்டும். அதே கப்பற்பட்டியலில் ஆறுமுகத்திற்கு முந்தைய எண்ணில் சின்னசாமி என்பவன் இருக்கின்றான். அகவை முப்பத்து நான்கு. ஊரும் அதே ஊர். தந்தை பெயரும் பொன்னன். இப்பொழுது முடிச்சு அவிழ்கின்றது. சின்னசாமி தந்தையல்லன், பெரும்பாலும் தமையனாவான். தந்தையை இழந்த தம்பியை வளர்த்து, கைப்பிடித்துக் கப்பலேற்றி, அயல்நாட்டில் அவனுக்குத் தந்தையாகவே நின்றவன் அவனெனின், "எனக்குத் தகப்பன் அவர்தாம்" என ஆறுமுகம் தன் மக்களிடம் சொல்லியிருத்தல் இயல்பே. நன்றியுணர்வாற் சொன்ன சொல்லை மகன் சொற்பொருளாகவே கொண்டு, அலுவலகத்தில் எழுதுவித்தான். பொய்யுரைத்தார் ஒருவருமிலர், ஆயினும் ஏட்டில் பொய் ஏறிற்று.

பொன்னன் என்னும் பெயர் ஓரூரில் இருவர்க்கு இருந்திருக்கவுங் கூடும். ஆதலால், சின்னசாமி தமையன் என்பது வலிய கருத்தேயன்றி முடிந்த முடிபன்று. ஆறுமுகத்தின் தந்தை பொன்னன் என்பதோ இருசான்று பெற்ற உண்மை. இவ்விரண்டையும் வேறுவேறாகப் பிரித்து எழுதி வைப்பதே நேர்மையான குடிவழி வரலாறாகும்.

பெண்டிர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. கப்பற்பட்டியலில் பெண்ணுக்கும் தனியெண் உண்டு. அவள் தந்தை பெயரும் உண்டு. அதற்குப்பின் வந்த ஏடுகளிலோ அவள் இன்னானின் மனைவி என்று மட்டுமே நிற்பாள். தாய்வழிப் பாட்டனைத் தேடுவோர், தாயின் எண்ணைக் கண்டெடுக்காத வரை ஓரடியும் எடுத்துவைத்தல் அரிது.

பெற்றோர் இன்னார் என்பது வெறும் வீட்டுச் செய்தியன்று. அஃது உரிமைச் செய்தியும் ஆகும். 1913 மார்ச்சு 14ஆம் நாள், கேப்பு உயர்முறைமன்ற நடுவர் சியர்ல் என்பார் ஒரு தீர்ப்பளித்தார். கிறித்துவ முறைப்படி நடவாதனவும் மணப்பதிவாளர் முன் பதியப்பெறாதனவும் ஆகிய திருமணங்கள் சட்டத்தின்முன் செல்லா என்பது அதன் பயன். தாலி கட்டி வாழ்ந்த மனைவியர் ஒரே நாளில் மனைவியர் அல்லராயினர். அவர் வயிற்றுப் பிள்ளைகள் தந்தை பெயருக்கு உரிமையற்றோராயினர். அதுவரை வீட்டினுள் இருந்த பெண்டிரைப் போராட்டக் களத்திற்கு இழுத்துவந்தது இத்தீர்ப்பே. 1914ஆம் ஆண்டின் இந்தியர் துயர்தீர்ப்புச் சட்டம் இத்திருமணங்களை ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தம் முடிந்தோர் மீது சுமத்தப்பட்டிருந்த மூன்று பவுன் தலைவரியையும் நீக்கியது.

அப்போராட்டத்தில் சிறைசென்று, விடுதலை பெற்ற சின்னாளில் 1914 பிப்பிரவரி 22இல் உயிர்நீத்தவள் வள்ளியம்மை. அவள் 1898இல் யோகன்னசுபர்க்கில் பிறந்தவள். ஆயினும், உலகம் அவளைத் 'தில்லையாடி வள்ளியம்மை' என்றே அறியும். பெற்றோரின் ஊர்ப்பெயர் அவள் பெயர்க்கு முன் நின்றமையால், அவள் வேர் எம்மண்ணில் உள்ளது என எவரும் ஐயுறார். ஊரை முன்வைக்கும் தமிழ்ப் பெயர்மரபின் ஆற்றல் இதுவாகும்.

தமிழகத்தின் பக்கம் உள்ள தடைகளும் சிறியன அல்ல. பட்டியலில் 'வட ஆர்க்காடு' என்றிருப்பின், அம்மாவட்டம் இன்று அப்பெயரால் இல்லை. அதன் ஒரு பகுதி 1911இல் சித்தூர் மாவட்டமாயிற்று. எஞ்சியது 1989இல் வேலூர், திருவண்ணாமலை எனப் பிரிந்தது. வேலூரும் 2019இல் மூன்றாயிற்று. 'தஞ்சாவூர்' என்றிருப்பின் நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்களிலும் தேடல் வேண்டும். மேலும், சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1899இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்தோர்க்குப் பிறப்புப் பதிவை எதிர்பார்த்தல் இயலாது. நிலப்பதிவுகளோ நிலமுடையாரையே அறியும். கப்பலேறியோருட் பெரும்பாலோர் உழுத நிலம் அவருடையதன்று. எனவே, ஊரை அடைந்தபின் ஏட்டைவிட முதியோர் நினைவும் குலதெய்வத்தின் பெயருமே துணை செய்யும். கடல் கடந்தும் ஒரு குடும்பம் கைவிடாத தெய்வத்தின் பெயர், ஊர்ப்பெயர் சிதைந்தவிடத்தும் வழிகாட்டும்.

பிற நாடுகளிலும் ஏடுகள் காக்கப்பெற்றுள்ளன. மொரிசில் குடியேறியோரின் ஏடுகளும், 1860களிலிருந்து எடுக்கப்பெற்ற ஒளிப்படங்களும் மோக்காவில் உள்ள மகாத்துமா காந்தி கல்விக்கழகத்தில் உள்ளன. பிசிக்கு 1879 முதல் 1916 வரை சென்ற 60,965 பேருக்கும் தனித்தனிச் செலவுச்சீட்டு எழுதப்பட்டது. அதில் தந்தை பெயரும் ஊரும் குறிக்கப்பெற்றன. 1903 முதல் சென்னையிலிருந்தும் அங்குக் கப்பல்கள் சென்றன. நேட்டால் கப்பற்பட்டியல்கள் இன்று கணிப்பொறியில் ஏற்றப்பெற்றுள்ளன.

ஏடு இருக்கின்றது, கருவியும் இருக்கின்றது. குறைவது தமிழறிவும் உழைப்புமே. சிதைந்த பெயரை ஒலித்துப் பார்த்து, "இது இன்ன தமிழ்ப்பெயர், இஃது இன்ன ஊர்" எனச் சொல்லவல்லார் இங்குள்ளோரே. கடல்கடந்த உடன்பிறப்புகள் ஒரு பெயரையும் ஊரையும் ஏந்தி வந்து கேட்குங்கால், ஊருக்கொரு முதியவரும் வட்டத்திற்கொரு படித்த இளைஞரும் துணைநிற்பின், அறுந்த உறவுகள் பல மீண்டும் பொருந்தும். இங்குள்ளோரும் தத்தம் வீட்டில் மூன்று தலைமுறைப் பெயரையாவது தமிழில், பிழையின்றி, சொன்னவர் பெயரோடு இன்றே எழுதி வைத்தல் வேண்டும். பாட்டியார் உயிரோடிருக்கும் வரை ஒரு வினாவில் கிடைக்கும் விடையை, அவர் மறைந்தபின் நூறு ஏடுகளைப் புரட்டியும் பெறுதல் அரிது.

பெற்றவன் பெயரைச் சொல்ல இயலாத நிலைக்கு எந்தத் தமிழ்க் குடியும் இனி ஆளாகாதிருக்கட்டும்!