காமாலையும் உயிரணுச் சோதனையும்

தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் எல்லையூர் வேலந்தாவளம். கண் மஞ்சளித்தால் தமிழர் ‘மஞ்சள் காமாலை’ என்பர். மலையாளத்தார் ‘மஞ்ஞப்பித்தம்’ என்பர். பெயர் இரண்டாயினும் பலர் முதலில் நாடுவது கீழாநெல்லியையே. கல்லீரல் அழற்சியால் வரும் காமாலை பெரும்பாலும் தானே தணிவதால், அப்புகழ் மூலிகையைச் சேர்கிறது. ஆயின் எல்லாக் காமாலையும் அத்தகையதன்று.

கல்லீரலில் சுரக்கும் பித்தநீர், ஒரு நாளத்தின் வழியே கணையத்தின் தலைப்பகுதியைக் கடந்து சிறுகுடலை அடைகிறது. நாளத்திலோ கணையத் தலையிலோ புற்று வளர்ந்தால் அவ்வழி அடைபடும். கண் மஞ்சளிக்கும், சிறுநீர் கறுக்கும், மலம் வெளுக்கும், உடல் அரிக்கும். வலி இல்லாமலே இவையெல்லாம் நேரலாம். வலியில்லை என்று நாம் வாளாவிருப்பதே பேராபத்து.

எனினும் அடைப்பெல்லாம் புற்றன்று. கல்லும் அடைக்கும், அழற்சியால் நாளம் சுருங்குதலும் உண்டு. வேறுபாட்டை எவ்வாறு அறிவது? கட்டியினின்று உதிரும் உயிரணுக்களே சாட்சி சொல்லும். கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பாப்பனிக்கொலாவ், கருப்பைக் கழுத்துப் புற்றை இம்முறையால் அறியலாமென 1943-ல் நூலெழுதி நிறுவினார். அதே நெறி இன்று பித்தநாளத்துக்கும் பயன்படுகிறது.

வாய்வழியே எண்டாஸ்கோப்புக் குழாயைச் சிறுகுடல்வரை செலுத்தி, நுண்ணிய தூரிகையால் நாளத்தின் உட்சுவரைத் தேய்த்து உயிரணுக்களை எடுக்கின்றனர். கணையக் கட்டியாயின், அல்ட்ராசவுண்டு பொருத்திய குழாயின் துணையோடு, இரைப்பை அல்லது சிறுகுடற் சுவரினூடே மெல்லிய ஊசியைச் செலுத்துகின்றனர். கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், நல்ல அணுக்கள் தேன்கூட்டைப் போல் ஒழுங்காக நிற்கும். புற்றணுக்களோ பருத்து, உருத்திரிந்த உட்கருவுடன் ஒன்றன்மேலொன்றாய்க் குவிந்து கிடக்கும்.

ஒரு செய்தியை மறத்தலாகாது. தூரிகைச் சோதனையில் புற்றணு தெளிவாகத் தென்பட்டால் முடிவு ஏறத்தாழ உறுதி. தென்படாவிடில் நோயில்லை என்று துணிதல் கூடாது. இப்புற்று நார்த்திசு மிகுந்து இறுகியிருப்பதால் அணுக்கள் எளிதில் உதிர்வதில்லை; நோயுற்றோரில் ஏறத்தாழப் பாதிப்பேரை இச்சோதனை தவறவிடுகிறது. ஆதலின் ஐயமிருப்பின் மருத்துவர் மறுமுறையும் சோதிப்பர்; சி.டி. படத்தையும் ஒப்புநோக்குவர். அறுவைக்கு ஏற்ற கட்டியாயின், அணுச் சான்றுக்குக் காத்திராமலே அறுவை செய்வதும் உண்டு.

அடையாற்றில் 1954-லும் திருவனந்தபுரத்தில் 1981-லும் தோன்றிய புற்றுநோய் நிலையங்கள் நமக்கு உள்ளன; வேலந்தாவளத்தார்க்குக் கோயம்புத்தூரும் அண்மையதே. இந்நோயில் அறுவைக்குரிய காலம் குறுகியது. வெளுத்த மலத்துடன் காமாலை கண்டால், மூலிகை பலிக்குமென நாட்களை எண்ணாது மருத்துவமனை செல்வோமாக.